பயஸ் தானாக ஏறுகிறது: 50 வாட், இரண்டு இஎல்34, சூடானதும் ஒரு பக்கம் மட்டும்

தந்திக்கை:

இரண்டு இஎல்34 பவர் டியூப் (போர்டில் வி4, வி5) போட்ட 50 வாட் கிடார் ஆம்ப். ஃபிக்ஸட் பயஸ், அதாவது டியூபில் ஓடும் கரண்டைக் கட்டுப்படுத்தும் கிரிட்டின் நெகட்டிவ் வோல்டேஜ் தனிச் சப்ளையிலிருந்து வருகிறது. இரண்டு டியூபுக்கும் சேர்த்து அதைத் திருகிச் சரிசெய்ய ஒரே பிரீசெட். பவர் டியூப் சாக்கெட்டுகள் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டவை. கிரிட் லீக் ரெசிஸ்டர் 220 கிலோஓம், கப்ளிங் கெபாசிட்டர் 0.022 மைக்ரோஃபாரட், கிரிட் ஸ்டாப்பர் 5.6 கிலோஓம், ஸ்கிரீன் ரெசிஸ்டர் 1 கிலோஓம் 5 வாட். ஒவ்வொரு கேத்தோடிலும் 1 ஓம், 1 சதவீத ரெசிஸ்டர் இருக்கிறது. அதன் குறுக்கே வரும் மில்லிவோல்ட்டை அப்படியே மில்லிஆம்பாக எடுத்துக்கொள்கிறேன்.

கேத்தோடு மில்லிஆம்ப், ஆன் செய்து 5 நிமிடத்தில்: வி4 38, வி5 38
20 நிமிடத்தில்: வி4 39, வி5 46
45 நிமிடத்தில்: வி4 40, வி5 57
ஒரு மணி நேரத்தில் வி5 64. விளக்கை அணைத்துப் பார்த்தால் பிளேட்டின் மடிப்போரம் மங்கலாகச் சிவக்கிறது.

பிளேட் வோல்டேஜ் முதலில் 462, சூடான பிறகு 450. சிக்னல் எதுவும் கொடுக்கவில்லை, வால்யூம் பூஜ்யம். புது மேட்ச்டு ஜோடி போட்டும் இதே கதைதான். பிரீசெட்டைக் குறைத்துச் சூட்டில் 38-க்குக் கொண்டுவந்தால் ஆம்ப் குளிர்ந்திருக்கும்போது வி4 அடிமட்டத்துக்குப் போய் ஒலி வறண்டுவிடுகிறது. எங்கிருந்து தேட ஆரம்பிப்பது?

---

நாலாம்பின்:

முதலில், பிரீசெட்டை இனித் தொடாதீங்க. நகர்ந்துகொண்டே இருக்கிற பயஸைத் திருகிச் சரிசெய்தால் நோய் மறையும், போகாது. எந்தப் புள்ளி நகர்கிறது என்று பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பார்க்கவேண்டியது மூன்று இடம்:

1. இரண்டு 220 கிலோஓமும் சேரும் முனை. பயஸ் சப்ளை இங்கேதான் வந்து இறங்குகிறது.
2. ஒவ்வொரு டியூபின் கிரிட், பின் 5.
3. கேத்தோடு கரண்ட், கூடவே பிளேட் வோல்டேஜ்.

முனையே நகர்ந்தால் குற்றம் பயஸ் சப்ளையில். டயோடு, எலக்ட்ரோலிடிக், பிரீசெட், ரெசிஸ்டர் இவற்றுக்குள் ஒன்று. அப்படியென்றால் இரண்டு டியூபும் சேர்ந்துதான் ஏறும். முனை அசையாமல் இருக்க, பின் 5 மட்டும் பாசிட்டிவ் பக்கம் நகர்ந்தால், 220 கிலோஓம் வழியாக ஏதோ ஒரு கரண்ட் ஓடுகிறது. அது டியூபின் கிரிட் கரண்டாக இருக்கலாம், கப்ளிங் கெபாசிட்டர் கசிவாக இருக்கலாம், சாக்கெட் அல்லது போர்டு கசிவாகவும் இருக்கலாம். பின் 5-ம் அசையாமல் கரண்ட் மட்டும் ஏறினால் டியூப், ஸ்கிரீன் வோல்டேஜ், இல்லையென்றால் அந்த 1 ஓம் ரெசிஸ்டரே.

உங்களுக்கு ஒரு பக்கம்தான் ஏறுகிறது. அதனால் முதல் வகைக்கு வாய்ப்பு குறைவு. ஆனாலும் அளக்காமல் தள்ளிவிடக் கூடாது. குளிரில் ஒரு தடவை, 45 நிமிடத்தில் ஒரு தடவை எழுதிப் போடுங்க.

---

வெள்ளிவிளக்கு:

அளக்கும் முன் இரண்டு விஷயம்.

உள்ளே 450 வோல்ட்டுக்கு மேல் டிசி. ஆஃப் செய்த பிறகும் ஃபில்டர் கெபாசிட்டரில் அது நிற்கும். 10 கிலோஓம், 10 வாட் வயர்வுண்டு ரெசிஸ்டரை இன்சுலேட்டட் கிளிப்பில் கட்டி, எச்டி (உயர் வோல்டேஜ்) லைனுக்கும் சேசிஸுக்கும் இடையே சில வினாடி பிடித்து இறக்குங்கள். மீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கையை உள்ளே விடவேண்டும். மீட்டர் கிளிப்பையும் ஆஃப் நிலையிலேயே மாட்டிவிட்டு, பிறகு ஆன் செய்வது நல்லது. ஓடிக்கொண்டிருக்கும்போது பின் 5-ஐத் தேடி முனையைக் கொண்டுபோனால் பக்கத்திலேயே பின் 4 இருக்கிறது, ஸ்கிரீன். நழுவினால் கிரிட்டுக்கு 450 வோல்ட் போகும். டியூப் அந்தக் கணமே காலி.

இரண்டாவது, ஒவ்வொரு அளவோடும் சுவர் வோல்டேஜையும் குறித்துக்கொள்ளுங்கள். பிளேட், பயஸ் இரண்டும் ஒரே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருவதால் மெயின்ஸ் 4 சதவீதம் ஏறினால் இரண்டுமே ஏறக்குறைய 4 சதவீதம் ஏறவேண்டும். பிளேட் ஏறி பயஸ் ஏறவில்லை என்றால் அதுவே ஒரு துப்பு.

ஸ்பீக்கரோ டம்மி லோடோ எப்போதும் மாட்டியிருக்கட்டும்.

---

தந்திக்கை:

அளந்துவிட்டேன். மெயின்ஸ் முழு நேரமும் ஒரு வோல்ட்டுக்குமேல் அசையவில்லை.

220 கிலோஓம் சேரும் முனை: குளிரில் −38.0, 45 நிமிடத்தில் −37.9
வி4 பின் 5: −37.2, பிறகு −37.1
வி5 பின் 5: −37.1, பிறகு −34.2

வி5 கிரிட்தான் நகர்கிறது, புரிகிறது. ஆனால் குளிரிலேயே இரண்டு கிரிட்டும் முனையைவிட 0.8 வோல்ட் குறைவாகக் காட்டுகின்றனவே? இரண்டு பக்கமும் கசிகிறதா?

---

மின்தடை220:

அந்த 0.8 வோல்ட் கசிவில்லை. உங்கள் மீட்டர் செய்கிற வேலை.

சாதாரண டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 10 மெகாஓம். கிரிட்டுக்கும் சேசிஸுக்கும் இடையே அதை வைத்தால் 220 கிலோஓமோடு சேர்ந்து ஒரு டிவைடர் ஆகிவிடும். 10-ஐ 10.22-ஆல் வகுத்தால் 0.978. −38.0 வோல்ட் −37.2 ஆகத் தெரியும். தெரிவது மட்டுமில்லை, மீட்டர் மாட்டியிருக்கும்வரை கிரிட் உண்மையிலேயே அங்கேதான் இருக்கும். கேத்தோடில் இன்னொரு மீட்டர் வைத்துக்கொண்டு பின் 5-ஐத் தொட்டுப் பாருங்கள். கரண்ட் 5 மில்லிஆம்ப் அளவுக்குக் குதிக்கும்.

பின் 5-லிருந்து சேசிஸுக்கு அளக்கவே வேண்டாம். மீட்டரின் இரண்டு முனையையும் 220 கிலோஓம் ரெசிஸ்டரின் இரண்டு காலிலும் மாட்டுங்கள். பேட்டரியில் ஓடும் மீட்டராக இருக்கவேண்டும். நல்ல நிலையில் அங்கே கிட்டத்தட்ட பூஜ்யம் தெரியவேண்டும், ஏனென்றால் கிரிட் கரண்ட் இழுக்கக் கூடாது. மீட்டர் ரெசிஸ்டருக்கு இணையாக நிற்பதால் பிழை 2 சதவீதம்தான். 38 வோல்ட்டில் 2 சதவீதமில்லை, கசிவால் வருகிற சின்ன வோல்டேஜில் 2 சதவீதம். அங்கே தெரியும் வோல்ட்டை 0.22-ஆல் வகுத்தால் கசியும் மைக்ரோஆம்ப் கிடைக்கும். 1 வோல்ட் என்றால் 4.5 மைக்ரோஆம்ப்.

பயஸ் நகர்வைப் பிடிக்க இதைவிடக் கூர்மையான அளவு ஆம்புக்குள் வேறு இல்லை. கேத்தோடு கரண்ட் 1 மில்லிஆம்ப் ஏறினால் அது மெயின்ஸாலா, டியூபாலா, கசிவாலா என்று தெரியாது. 220 கிலோஓமின் குறுக்கே 150 மில்லிவோல்ட் தெரிந்தால் சந்தேகத்துக்கே இடமில்லை.

---

ஸ்வரக்கம்பி:

கப்ளிங் கெபாசிட்டர்தான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 0.022 இரண்டையும் 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீனாக மாற்றிவிட்டால் முடிந்தது. பத்துக்கு எட்டு ஆம்பில் அதுதானே?

---

நாலாம்பின்:

பழைய பேப்பர் கெபாசிட்டர், மெழுகு கெபாசிட்டர் போட்ட ஆம்ப் என்றால் நானும் அதைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். ஃபேஸ் இன்வெர்ட்டர் (பவர் டியூபுகளுக்குச் சிக்னல் தரும் முந்தைய டியூப்) பிளேட்டில் 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கிறது. கெபாசிட்டரின் கசிவுத்தடை 100 மெகாஓமுக்கு இறங்கினாலே 2 மைக்ரோஆம்ப் ஓடி, கிரிட் அரை வோல்ட் ஏறும். ஆனால் இது போர்டு ஆம்ப், உள்ளே இருப்பது ஃபில்ம் கெபாசிட்டர். அதில் கசிவு வரலாம், அபூர்வம். இரண்டு பாகத்தை மாற்றிவிட்டு நோய் அப்படியே இருந்தால், இரட்டைப் பக்கப் போர்டில் நாலு பேடைச் சூடாக்கியதுதான் மிச்சம். ஒரு காலைத் தூக்கி அளந்தால் சந்தேகம் தீர்ந்துபோகும்.

தந்திக்கை, 220 குறுக்கே அளந்து போடுங்க. பிறகு வி4, வி5 டியூபுகளை இடம் மாற்றிப் போட்டு, இன்னொரு முறை 45 நிமிடம்.

---

தந்திக்கை:

220 கிலோஓமின் குறுக்கே:

குளிரில்: வி4 15 மில்லிவோல்ட், வி5 140 மில்லிவோல்ட்
45 நிமிடத்தில்: வி4 80 மில்லிவோல்ட், வி5 2.9 வோல்ட்

டியூபுகளை இடம் மாற்றிய பிறகு, 45 நிமிடத்தில்: வி4 120 மில்லிவோல்ட், வி5 2.7 வோல்ட்

இரண்டிலும் கிரிட் பக்கம்தான் பாசிட்டிவ்.

---

நாலாம்பின்:

இந்த நாலு எண்ணில் நிறையத் தெரிகிறது.

2.9 வோல்ட் என்றால் 13 மைக்ரோஆம்ப். அந்த 2.9 வோல்ட்டுக்குக் கேத்தோடு கரண்ட் 19 மில்லிஆம்ப் ஏறியிருக்கிறது. வோல்ட்டுக்கு 6.5 மில்லிஆம்ப். இந்த இடத்தில் இஎல்34 ஏறக்குறைய அப்படித்தான் நடக்கும். ஆக நகர்வு முழுவதுக்கும் கிரிட்டே கணக்குச் சொல்லிவிடுகிறது. வேறு மர்மம் எதுவுமில்லை.

கிரிட் பக்கம் பாசிட்டிவாக இருப்பதை வைத்து யார் குற்றவாளி என்று சொல்ல முடியாது. டியூபுக்குள் வாயு தங்கியிருந்தாலும், கிரிட் சூடாகி எலக்ட்ரான் உமிழ்ந்தாலும், கெபாசிட்டர் கசிந்தாலும், ஸ்கிரீனிலிருந்து கசிந்தாலும் எல்லாமே இதே திசைதான். இடம் மாற்றிப் பார்த்ததுதான் பிரித்துக் காட்டுகிறது. டியூப் போன இடத்துக்கு நோய் போகவில்லை, வி5 சாக்கெட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்த டியூபோடு கூடவே நகர்ந்தது 40 மில்லிவோல்ட் அளவுதான். சாதாரணம்.

அடுத்தது இந்த வரிசையில்:

சூடாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஆஃப் செய்து, இறக்கி, இரண்டு பவர் டியூபையும் துணி வைத்துப் பிடுங்குங்கள். மீட்டரை வி5-ன் 220 குறுக்கே மாட்டி ஆன் செய்யுங்கள். லோடு இல்லாததால் எச்டி 500-ஐத் தாண்டும். உங்கள் ஃபில்டர் கெபாசிட்டர்களின் வோல்டேஜ் ரேட்டிங்கைப் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது தெரிவதில் டியூபுக்குப் பங்கு பூஜ்யம்.

பிறகு ஆஃப் செய்து, கப்ளிங் கெபாசிட்டரின் கிரிட் பக்கக் காலைத் தூக்குங்கள். மறுபடி ஆன். எண் விழுந்தால் கெபாசிட்டர். விழாவிட்டால் போர்டு அல்லது சாக்கெட்.

டியூப் இல்லாவிட்டால் போர்டு குளிர்ந்துவிடும், கசிவும் ஒளிந்துகொள்ளும். அதனால் முடி உலர்த்தும் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, சாக்கெட்டின் அடிப்பக்கம் இரண்டு நிமிடம் காட்டுங்கள். போர்டைத் தொட முடியாத அளவுக்குச் சூடாக்கவேண்டியதில்லை, ஆம்ப் ஓடும்போது உள்ளே இருக்கிற சூடு வந்தால் போதும். டிரையரின் உலோக மூக்கு எதையும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஹீட் கன் வேண்டாம், பேடு உரிந்துவிடும்.

---

பழங்காந்தம்:

இழைக்கு நடுவே கேட்பதற்குப் பொறுத்துக்கொள்ளவும். என்னிடம் இருப்பது 6எல்6ஜிசி இரண்டு போட்ட ஆம்ப், கைவேலை வயரிங். இதில் இரண்டு டியூபும் சேர்ந்தே ஏறுகின்றன. சேரும் முனை குளிரில் −48, அரை மணியில் −43. இதற்கும் இதே வழிதானா?

---

மின்தடை220:

இல்லை, உங்களுடையது முதல் வகை. முனையே 5 வோல்ட் இறங்குகிறது என்றால் கிரிட் பக்கம் போகவேண்டிய தேவையே இல்லை.

டயோடிலிருந்து வரிசையாக வாருங்கள். பயஸ் எலக்ட்ரோலிடிக் பழசானால் சூட்டில் கசிய ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் 15 கிலோஓமோ 27 கிலோஓமோ தொடராக இருப்பதால், 0.2 மில்லிஆம்ப் கசிவே 27 கிலோஓமில் 5.4 வோல்ட்டைத் தின்றுவிடும். உங்கள் அளவு அதோடு ஒத்துப்போகிறது. பழைய 8, 10, 25 மைக்ரோஃபாரட் எல்லாவற்றையும் 47 மைக்ரோஃபாரட், 100 வோல்ட்டாக மாற்றுங்கள். டயோடுக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் கெபாசிட்டரில் வோல்டேஜ் அதிகமாக இருக்கும், அளந்துவிட்டு 160 வோல்ட் ரகம் தேவையா என்று முடிவு செய்யுங்கள். பாசிட்டிவ் கால் சேசிஸுக்கு. இந்தச் சப்ளை நெகட்டிவ் என்பதால் பழக்கதோஷத்தில் தலைகீழாகப் போட்டுவிடுகிற இடம் இது.

மாற்றும்போதே டயோடையும் 1என்4007 ஆக்கிவிடுங்கள். கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர் இருந்தால் ஒரு காலைத் தூக்கி அளந்து, 10 சதவீதத்துக்குமேல் தள்ளியிருந்தால் மெட்டல் ஃபில்ம் போடுங்கள்.

பிரீசெட்டையும் கவனியுங்கள். நடுக்காலிலிருந்து நேரடியாக 220-க்குப் போகும் வயரிங்காக இருந்தால், அந்த நடுத்தொடுப்பு ஒரு கணம் விட்டுப்போனாலும் இரண்டு கிரிட்டும் அந்தரத்தில் நிற்கும், டியூபும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து போகும். நடுக்காலுக்கும், மிக நெகட்டிவாக இருக்கும் முனைக்காலுக்கும் இடையே ஒரு 100 கிலோஓம் போட்டுவிடுங்கள். தொடுப்பு விட்டால் பயஸ் முழு நெகட்டிவுக்குப் போகும். ஆம்ப் மெலிந்து கேட்கும், ஆனால் எதுவும் எரியாது.

---

வெள்ளிவிளக்கு:

பழங்காந்தத்துக்கு இன்னொன்று. டேட்டாஷீட்படி ஃபிக்ஸட் பயஸில் 6எல்6ஜிசி-க்கு கிரிட் லீக் உச்சவரம்பு 100 கிலோஓம். 220 போட்ட ஆம்புகள் ஏராளம், ஓடவும் ஓடுகின்றன. நல்ல டியூப் இருக்கும்வரை. கெபாசிட்டரை மாற்றிய பிறகும் சூட்டில் லேசாக ஏறினால் இங்கே பாருங்கள்.

---

தந்திக்கை:

நாலாம்பின் சொன்ன வரிசையில்:

டியூப் பிடுங்கியதும் எச்டி 505, முனை −39.6. வி5-ன் 220 குறுக்கே 0.9 வோல்ட், நிமிடத்துக்கு நிமிடம் இறங்குகிறது. வி4-ல் 2 மில்லிவோல்ட்.
கப்ளிங் கெபாசிட்டர் கால் தூக்கிய பிறகு: 0.2 வோல்ட். ஆனால் அதற்குள் போர்டு நன்றாகக் குளிர்ந்துவிட்டது.
டிரையர் காட்டியதும், கெபாசிட்டர் தூக்கியபடியே: இரண்டு நிமிடத்தில் 1.9 வோல்ட். டிரையரை எடுத்ததும் இறங்குகிறது.
வி4 பக்கம் அதே அளவு டிரையர்: 6 மில்லிவோல்ட்.

---

நாலாம்பின்:

கெபாசிட்டர் நிரபராதி. கிரிட்டில் இப்போது தொங்கிக்கொண்டிருப்பது போர்டும் சாக்கெட்டும் மட்டும்தான்.

1.9 வோல்ட்டை 0.22-ஆல் வகுத்தால் 8.6 மைக்ரோஆம்ப். கிரிட்டுக்கும் ஸ்கிரீனுக்கும் இடையே இருப்பது ஏறக்குறைய 540 வோல்ட். அப்படியென்றால் கசிவுத்தடை 63 மெகாஓம். சாதாரண மீட்டரின் ஓம் ரேஞ்சில் இது பிடிபடாது. எல்லை 40, 60 மெகாஓமோடு நின்றுவிடும், சோதனை வோல்டேஜும் ஓரிரு வோல்ட்தான். கரிந்த பாதை உயர் வோல்டேஜில்தான் தன் குணத்தைக் காட்டும். ஆகவே ‘ஓம் ரேஞ்சில் ஓபன் காட்டுகிறது’ என்று யாராவது சொன்னால் அதை ஏற்காதீங்க.

பின் 5-க்கு இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள்: பின் 4 ஸ்கிரீன், பின் 6 காலி. சில ஆம்புகளில் காலியான பின் 6-ஐ ஸ்கிரீன் ரெசிஸ்டரின் மறுகாலை நிறுத்தும் இடமாகப் பயன்படுத்துவார்கள். அங்கேயும் முழு எச்டி இருக்கும். உங்கள் போர்டில் எப்படி என்று பாருங்கள். பிறகு ஆஃப் செய்து, வி5-ன் ஸ்கிரீன் ரெசிஸ்டரில் எச்டி பக்கக் காலைத் தூக்கி, டிரையர் சோதனையை மறுபடி செய்யுங்கள். 220 குறுக்கே பூஜ்யமானால் கசிவு பின் 4-லிருந்துதான்.

---

தந்திக்கை:

பின் 6 காலி. ஸ்கிரீன் ரெசிஸ்டரின் காலைத் தூக்கியதும் டிரையரில் 8 மில்லிவோல்ட்தான்.

ரெசிஸ்டரைக் கழற்றிப் பார்த்தேன். போர்டோடு ஒட்டிப் படுத்திருந்தது. அடியில் நகக்கண் அளவுக்குப் பழுப்புக் கறை, நடுவில் கருப்பு. அந்தக் கறைக்குள்ளேதான் பின் 4 டிராக்கும், பின் 5 கிரிட் ஸ்டாப்பருக்குப் போகும் டிராக்கும் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியில் ஓடுகின்றன. ரெசிஸ்டரை அளந்தால் 1 கிலோஓம் சரியாகவே காட்டுகிறது.

---

மின்தடை220:

5 வாட் ரெசிஸ்டர் சும்மா இருக்கும்போது கரிக்காது. ஐடிலில் ஸ்கிரீன் கரண்ட் 5 மில்லிஆம்ப் என்று வைத்துக்கொண்டால் 1 கிலோஓமில் 25 மில்லிவாட், கைச்சூடுகூட இல்லை. முழு வால்யூமில் 30 மில்லிஆம்ப் போனாலும் 0.9 வாட். போர்டு கரிந்திருக்கிறது என்றால் முன்பு அந்த சாக்கெட்டில் ஒரு டியூபின் ஸ்கிரீன் ஷார்ட் ஆகி, ஃபியூஸ் போகும்வரை ரெசிஸ்டர் நெருப்பாக இருந்திருக்கிறது. டியூபை மாற்றியவர்கள் போர்டைப் பார்க்கவில்லை.

அதனால் அந்த ரெசிஸ்டர் 1 கிலோஓம் காட்டினாலும் திரும்பப் போடாதீர்கள். ஒரு தடவை அப்படிக் காய்ந்ததை நம்ப முடியாது. ஃபியூஸ் மதிப்பையும் சரிபாருங்கள். பெரிசாகப் போட்டுவைத்திருக்க வாய்ப்புண்டு.

---

நாலாம்பின்:

சரிசெய்யும் முறை:

கரி கரண்ட் கடத்தும். மேலே துடைத்தால் போகாது, எபாக்ஸிக்குள் ஊறியிருக்கும். சின்னக் கத்தியோ, கையில் பிடிக்கும் டிரில்லின் உருண்டை முனையோ வைத்துக் கருப்பு, பழுப்பு எல்லாம் போய் வெளிர்ந்த இழை தெரியும்வரை சுரண்டி எடுங்கள். போர்டின் மறுபக்கம்வரை கரிந்திருந்தால் தயங்காமல் அந்த இடத்தையே ஓட்டையாக்கிவிடுங்கள். கசிகிற போர்டைவிட ஓட்டை நல்லது. இரண்டு டிராக்குக்கும் இடையே அறுத்துவிட்ட ஒரு பிளவு, எந்த வார்னிஷையும்விட நல்ல இன்சுலேஷன்.

தூளை ஊதி எடுத்து, 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலும் பிரஷும் கொண்டு கழுவுங்கள். பழைய ஃப்ளக்ஸ் பசையும் போகவேண்டும், அதுவும் சூட்டில் கசியும். முழுக்கக் காயவிடுங்கள். ஈரத்தோடு எச்டி கொடுத்தால் புதுக் கரிப்பாதை பிறக்கும்.

முக்கியமானது: கிரிட்டைப் போர்டிலிருந்து விடுவியுங்கள். பின் 5-க்கு வரும் டிராக்கைச் சாக்கெட்டுக்குப் பக்கத்திலேயே வெட்டுங்கள். புது 5.6 கிலோஓம் ஸ்டாப்பரை நேராகப் பின் 5-ன் மேல் சால்டர் செய்து, மறுகாலிலிருந்து 600 வோல்ட் தாங்கும் வயரைக் காற்றிலேயே கொண்டுபோய், 220 கிலோஓமும் கப்ளிங் கெபாசிட்டரும் சேரும் இடத்தில் இணையுங்கள். ஸ்டாப்பர் பின்னோடு ஒட்டி இருப்பதால் அல்ட்ராசோனிக் ஆசிலேஷனுக்கும் இடமிருக்காது. வயரைப் பிளேட் வயரிலிருந்து தள்ளி ஓட்டுங்கள்.

ஸ்கிரீன் ரெசிஸ்டர்: புது 1 கிலோஓம் 5 வாட், போர்டிலிருந்து 8 முதல் 10 மில்லிமீட்டர் உயரத்தில். வி4 பக்கமும் அதே மாதிரி உயர்த்திவிடுங்கள்.

சாக்கெட்டின் மேல்முகத்தையும் பாருங்கள். பின்களுக்கு நடுவே பென்சில் கோடு மாதிரிக் கருப்புத் தெரிந்தால் சாக்கெட்டையே மாற்றி, செராமிக் போடுங்கள். கோடில்லாவிட்டால் காண்டாக்ட் பிடிப்பை மட்டும் இறுக்கினால் போதும்.

டியூப் போடும் முன் மறுபடி டிரையர் சோதனை. 10, 20 மில்லிவோல்ட்டுக்குமேல் தெரிந்தால் இன்னும் கரி மிச்சமிருக்கிறது.

---

ஸ்வரக்கம்பி:

இவ்வளவு சுரண்டுவதற்கு, 220-ஐ 100 கிலோஓமாகக் குறைத்தால் போதாதா? அதே 13 மைக்ரோஆம்ப் 1.3 வோல்ட்தானே நகர்த்தும்.

---

மின்தடை220:

கணக்கு சரி, ஆனால் கரிப்பாதை நின்ற இடத்தில் நிற்காது. கரண்ட் போகப்போகச் சூடாகி இன்னும் கரியும். இன்றைக்கு 63 மெகாஓம், பிறகு 20, பிறகு 5. கடைசியில் ஸ்கிரீன் வோல்டேஜ் நேராகக் கிரிட்டில் வந்து நிற்கும். கிரிட் லீக்கைக் குறைப்பது கொஞ்சம் நாளை வாங்கித் தரும், நோயைக் கண்ணிலிருந்து மறைத்தும் விடும்.

குறைப்பதற்கு விலையும் உண்டு. 0.022 மைக்ரோஃபாரடும் 220 கிலோஓமும் சேர்ந்தால் கட்-ஆஃப் 33 ஹெர்ட்ஸ். 100 கிலோஓமாக்கினால் 72 ஹெர்ட்ஸ். கிடாரின் தடித்த ஈ தந்தி 82 ஹெர்ட்ஸ்தான், அடி ஒலி மெலிவது காதில் படும். சரிக்கட்ட கெபாசிட்டரை 0.047-க்கு ஏற்றவேண்டும். ஃபேஸ் இன்வெர்ட்டருக்கும் லோடு கூடி, கிளிப் ஆகும் தன்மை மாறும். 6550 டியூப் போடப்போகிறீர்கள் என்றால் குறைத்தே ஆகவேண்டும், அதன் டேட்டாஷீட் ஃபிக்ஸட் பயஸில் 50 கிலோஓம்தான் அனுமதிக்கிறது. இஎல்34-க்கு 220 தாராளமாகப் போதும்.

---

ஸ்வரக்கம்பி:

72 ஹெர்ட்ஸ் விஷயம் யோசிக்கவில்லை. ஏற்றுக்கொள்கிறேன். கேத்தோடு பயஸ் ஆம்பில் இந்தக் கசிவு இவ்வளவு படுத்துமா? 4 இஎல்84 போட்டது ஒன்று கையில் இருக்கிறது.

---

நாலாம்பின்:

கொஞ்சம் தாங்கும். கரண்ட் ஏறினால் கேத்தோடு வோல்டேஜும் ஏறி, கிரிட்டைத் தானாகவே நெகட்டிவ் பக்கம் தள்ளும். ஆனால் நாலுக்கும் ஒரே கேத்தோடு ரெசிஸ்டர் என்றால், கசிகிற ஒரு டியூபின் ஏற்றத்தை மற்ற மூன்றும் பங்குபோட்டுக் குளிரும். மொத்த அளவில் ஒன்றும் தெரியாது. அங்கே தனித்தனியாக 220 குறுக்கே அளப்பது இன்னும் அவசியம். கூடவே கேத்தோடு பைபாஸ் எலக்ட்ரோலிடிக். அது டியூபுகளின் சூட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சீக்கிரம் கெடும், ஷார்ட் ஆனால் பயஸே இல்லாமல் போகும்.

---

தந்திக்கை:

வேலை முடிந்தது. கறை மறுபக்கம்வரை போயிருந்தது, அந்த இடத்தை ஓட்டையாக்கிவிட்டேன். கிரிட் வயர் காற்றில், ஸ்டாப்பர் பின்னின் மேல். பயஸ் சப்ளையின் இரண்டு 10 மைக்ரோஃபாரடையும் 47 ஆக்கினேன். உள்ளே இருந்த எச்டி ஃபியூஸ் மதிப்பு போர்டில் அச்சிட்டிருப்பதைப் போல இரண்டு மடங்கு. அதையும் சரிசெய்துவிட்டேன்.

டியூப் இல்லாமல் டிரையர் சோதனை: வி5 4 மில்லிவோல்ட், வி4 5 மில்லிவோல்ட்.

டியூபோடு, கேத்தோடு மில்லிஆம்ப்:
5 நிமிடத்தில்: வி4 38, வி5 38.5
45 நிமிடத்தில்: வி4 40, வி5 40.5
220 குறுக்கே 45 நிமிடத்தில்: வி4 70 மில்லிவோல்ட், வி5 85 மில்லிவோல்ட்

பிளேட் 460. இப்படியே விட்டுவிடலாமா? அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் ரெசிஸ்டன்ஸ் முறையில் (வைண்டிங் குறுக்கே வரும் வோல்டேஜை அதன் ஓமால் வகுத்துக் கரண்ட் கண்டுபிடிப்பது) ஒரு தடவை சரிபார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

---

வெள்ளிவிளக்கு:

ஸ்கிரீன் கரண்டைக் கழித்துக் கணக்குப் போடுங்கள். 1 கிலோஓம் ஸ்கிரீன் ரெசிஸ்டரின் குறுக்கே எத்தனை வோல்ட் தெரிகிறதோ அத்தனை மில்லிஆம்ப். 4.4 வோல்ட் வந்தால் பிளேட்டுக்குப் போவது 40-லிருந்து 4.4 போக 35.6. அதை 460-ஆல் பெருக்கினால் 16.4 வாட். இஎல்34-ன் பிளேட் உச்சம் 25 வாட், ஆக 65 சதவீதம். 70 சதவீதம் வரை போகலாம், போகவேண்டும் என்று கட்டாயமில்லை. நான் இதில் விட்டுவிடுவேன்.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் முறையை நகர்வு பார்க்கப் பயன்படுத்தவேண்டாம். செம்புக் கம்பியின் தடை ஒரு டிகிரி சூட்டுக்கு 0.39 சதவீதம் ஏறும். வைண்டிங் 30 டிகிரி சூடானால் 12 சதவீதம். குளிரில் அளந்த ஓமை வைத்துச் சூட்டில் வகுத்தால், அசையாமல் நிற்கிற டியூபும் 12 சதவீதம் ஏறியதாகத் தெரியும். இல்லாத நோய்க்கு மருந்து தேடவேண்டிவரும். 1 ஓம் ரெசிஸ்டர் அந்த வம்பு செய்யாது. அதையும் ஒரு தடவை மட்டும், மீட்டர் வயரின் தடையைக் கழித்து, உண்மையில் 1 ஓம்தானா என்று பாருங்கள். வி5 பக்கம் முன்பு ஷார்ட் ஆன சாக்கெட் என்பதால் சொல்கிறேன்.

---

தந்திக்கை:

ஸ்கிரீன் ரெசிஸ்டர் குறுக்கே வி4 4.3 வோல்ட், வி5 4.5 வோல்ட். 1 ஓம் ரெசிஸ்டர், வயர் தடை கழித்து: வி4 1.00, வி5 1.06.

---

வெள்ளிவிளக்கு:

1.06 என்றால் வி5-ல் நீங்கள் படிக்கும் 40.5 உண்மையில் 38.2. இரண்டு டியூபும் 2 மில்லிஆம்புக்குள் இருக்கின்றன, ஆபத்தில்லை. அந்த ரெசிஸ்டரை 1 சதவீத மெட்டல் ஃபில்மாக மாற்றிவிட்டு, பிரீசெட்டை அப்படியே விடுங்கள். புது டியூப் என்பதால் 10, 20 மணி நேரம் வாசித்த பிறகு 220 குறுக்கேயும் கேத்தோடிலும் இன்னொரு முறை அளந்து, இங்கே எழுதிய எண்களோடு ஒப்பிடுங்கள்.